டியூப் மீன்பிடியும் என் வலது குதிகாலும்

நீளமான திரி இது. மீன் பிடிக்கிறவங்களுக்கும் சுகர் இருக்கிறவங்களுக்கும் எழுதுறேன். ரெண்டும் இருக்கிறவங்க தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

போன வாரம் கிளினிக்கில் ஒருத்தர் கேட்டார்: "சார், மிதவை டியூப்ல உக்காந்து மீன் பிடிக்கிறது கத்துக்கலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல ஃபின்ஸ் பார்த்தேன். எந்த சைஸ் எடுக்கட்டும்?" அவருக்கு 12 வருஷமா சர்க்கரை. பதில் சொல்ல ஆரம்பிச்சு அரை மணி நேரம் போயிடுச்சு. வெளியே டோக்கனோட உட்கார்ந்திருந்தவங்க முறைச்ச முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கு. மீதியை இங்கே எழுதிடறேன்.

எனக்கு கொட்டிவாக்கத்தில் ஒரு சின்ன கிளினிக். ஈசிஆர் ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்குற தெருக்களில் ஒண்ணு. குப்பத்து ஜனங்களும் வருவாங்க, அடுக்குமாடி ஜனங்களும் வருவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை ஜோடிக் காலைப் பார்க்கிறேன்னு எண்ணினது இல்லை. சுகர் நோயாளி யார் வந்தாலும் "செருப்பைக் கழட்டுங்க, சாக்ஸைக் கழட்டுங்க"ன்னுதான் முதல்ல சொல்வேன். அதுக்காகவே "கால் டாக்டர்"னு எனக்கு ஒரு பேர் உண்டு. இந்தக் கதையில் அந்தப் பேர்தான் என் மானத்தை வாங்குச்சு.

எனக்கும் சர்க்கரை உண்டு. 41 வயசில் வந்தது. 2 வருஷம் முன்னாடி, 52 வயசில், என் மச்சினன் டெக்சாஸிலிருந்து லீவுக்கு வந்தப்போ ஒரு பெரிய பையைத் தூக்கிட்டு வந்தான். "அத்தான், நீங்க பாலத்து மேல நின்னே தூண்டில் போட்டுட்டு இருக்கீங்க. இதுல உக்காந்து போடுங்க"ன்னு பிரிச்சான். உள்ளே ஒரு மிதவை டியூப். அங்கே பெல்லி போட்னும் சொல்வாங்களாம்.

பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். குதிரை லாட வடிவில் காற்றடைத்த மிதவை. நடுவில் ஒரு சீட். அதில் உட்கார்ந்தால் இடுப்பு வரைக்கும் மேலே, முழங்காலுக்குக் கீழே தண்ணிக்குள்ளே. ரெண்டு கையும் தூண்டிலுக்கு. எஞ்சின், துடுப்பு, பிரேக், ஸ்டியரிங் எல்லாம் உங்க ரெண்டு கால்தான். காலில் ஃபின்ஸ் மாட்டிக்கிட்டு உதைத்தால் டியூப் பின்னாடி நகரும். முன்னாடி போகாது. முதுகு காட்டிக்கிட்டே ஊரைச் சுத்தி வர வேண்டியதுதான்.

மச்சினன் டியூப் மட்டும் கொண்டு வந்தான். லக்கேஜ் எடை போதலையாம், ஃபின்ஸ் கொண்டு வரலை. "இங்கேயே வாங்கிக்கோங்க அத்தான், அது என்ன பெரிய விஷயம்"னுட்டான். அந்தப் பெரிய விஷயத்துக்குத்தான் இந்தத் திரி.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிடறேன். கொட்டிவாக்கம் கடலில் இதை இறக்கிடாதீங்க. அலை உடையற இடத்தைத் தாண்டவே முடியாது. தாண்டினாலும் கரையோர நீரோட்டம் உங்களைக் கேட்காமலே கூட்டிட்டுப் போயிடும். எங்க பக்கத்துக் குப்பங்களில் தண்ணி வடக்கே ஓடினால் தெண்டி, தெற்கே ஓடினால் வன்னின்னு தனித்தனிப் பேரே வெச்சிருக்காங்க. அதை மூச்சு மாதிரி தெரிஞ்சவங்களே கடலைப் பார்த்துட்டுத்தான் இறங்குறாங்க. நாம எம்மாத்திரம்.

அதனால நான் போனது முட்டுக்காடு. பாலத்துக்கு மேற்கே, உப்பங்கழியில், படகுகள் வராத ஓரமாகப் பார்த்து. ஜனவரி மாசம். மழை முடிஞ்சு தண்ணி நிறைஞ்சிருந்தது.

அங்கேதான் டியூப் அண்ணனைப் பார்த்தேன். அவர் பேரை எழுதலை, அவருக்குப் பிடிக்காது. வயசு 60 பக்கம். அவர்கிட்ட இருந்ததும் மிதவை டியூப்தான். லாரி டயர் டியூப்! காற்றடிச்சு, நடுவில் பழைய வலையைக் குறுக்கும் நெடுக்குமா கட்டி, அதுமேல ஒரு சாக்கை மடிச்சுப் போட்டு சீட். பக்கத்தில் மீன் போட ஒரு வலைப்பை. துடுப்புக்கு என்ன தெரியுமா? ஹவாய் செருப்பு. ஜோடியைக் கையில் மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் தண்ணியைத் தள்ளுறார். வலை விரிக்கும்போது செருப்பைக் கழட்டி சாக்குக்குக் கீழே சொருகிக்கிறார்.

என்னை மேலேயும் கீழேயும் பார்த்தார். "இன்னா டாக்டரே இது, வாத்து கணக்கா கால்ல மாட்டிக்கினு கீறீங்க?"

நான் டாக்டர்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். அவரோட தங்கச்சி பொண்ணு பாலவாக்கத்தில் இருக்காம், என்கிட்டதான் வைத்தியமாம்.

வீட்டுக்கு வந்து ஃபின்ஸ் பற்றிப் படிச்சப்போதான் ஒரு வேடிக்கை தெரிஞ்சுது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அமெரிக்கக் காரர், மின்னலையும் பட்டத்தையும் வைத்து நாம ஸ்கூலில் படிச்சவர். சின்ன வயசில் அவர் நீச்சலுக்காக முட்டை வடிவில் ரெண்டு மரப்பலகை செஞ்சு கையில் மாட்டிக்கிட்டாராம். கட்டைவிரல் நுழைய ஒரு ஓட்டையோட. வேகம் கூடுச்சு, ஆனா மணிக்கட்டு வலிச்சுதுன்னு எழுதி வெச்சிருக்கார். பாதத்துக்கும் செருப்பு மாதிரி ஒண்ணு செஞ்சு பார்த்தார், அது அவருக்குத் திருப்தியா இல்லை. இப்போ நாம பார்க்கிற ரப்பர் ஃபின்ஸுக்கு 1933-ல் லூயி த கோர்லியூங்கிற பிரெஞ்சு கடற்படை அதிகாரி காப்புரிமை வாங்கினார். நம்ம மன்னார் வளைகுடா சங்கு குளிக்கிறவங்க அலுமினியத் தகட்டைப் பாதத்தில் கட்டிக்கிட்டு முங்கியிருக்காங்க. டியூப் அண்ணனோட ஹவாய் செருப்பும் இந்த வரிசையில் வர வேண்டியதுதான். ஃபிராங்க்ளின் கைக்குச் செஞ்சதும் அண்ணன் கைக்குச் செஞ்சதும் ஒரே யோசனை.

சரி, என் முட்டாள்தனத்துக்கு வருவோம்.

ஃபின்ஸில் பொதுவா ரெண்டு வகை. ஒண்ணு முழுப்பாத ஃபின்ஸ். ஷூ மாதிரி குதிகாலையும் மூடியிருக்கும், வெறுங்காலில் மாட்டணும். இன்னொண்ணு குதிகால் திறந்தது. பின்னாடி ஒரு வார் மட்டும் இருக்கும், உள்ளே ஒரு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு மாட்டணும். ரெண்டாவது வகையில் பூட்ஸ் தனிச் செலவு. நான் முதல் வகையை வாங்கினேன். சிக்கனம்.

சைஸை எப்படி முடிவு பண்ணினேன்? காலையில் பல் தேய்ச்சுட்டு, உட்கார்ந்தபடியே, இடது காலை மட்டும் ஸ்கேலில் அளந்தேன். என் நோயாளி யாராவது இப்படிச் செருப்பு வாங்கியிருந்தால் அரை மணி நேரம் லெக்சர் அடிச்சிருப்பேன். கால் சாயங்காலம்தான் வீங்கி முழு அளவுக்கு வரும். நின்னால் பாதம் நீளும், அகலும். ரெண்டு காலும் ஒரே அளவா இருக்கிறது அபூர்வம். எனக்கு வலது கால் அரை சைஸ் பெரிசு. இது எனக்குத் தெரியும். ஷூ வாங்கும்போதெல்லாம் ஞாபகம் வெச்சுக்கிறவன், ஃபின்ஸ் விளையாட்டுச் சாமான்தானேன்னு விட்டுட்டேன்.

மாட்டிப் பார்த்தேன். கச்சிதமா இருந்துச்சு. இறுக்கம்னு தோணவே இல்லை. தோணாததுதான் நோய்னு அப்போ எனக்கு உறைக்கலை.

அன்னிக்கு 3 மணி நேரம் தண்ணியில் இருந்தேன். சொர்க்கம். தலைக்கு மேல கொக்குக் கூட்டம், தூரத்தில் ஈசிஆர் வண்டிச் சத்தம், நம்மைச் சுத்தி தண்ணி. ரெண்டு கெளங்கான், ஒரு சின்ன கொடுவா. கொடுவாவைத் திருப்பி விட்டுட்டேன், குட்டி. திரும்பி வரும்போது வலது கெண்டைக்கால் சதை பிடிச்சுக்கிச்சு. ஃபின்ஸ் நுனியைக் கையால் பிடிச்சு முழங்காலை நீட்டி என் பக்கம் இழுத்தேன், விட்டுச்சு. அந்தப் பிடிப்பு நல்லா வலிச்சுது. அதனால காலில் உணர்ச்சி இருக்குன்னுதானே நினைப்பீங்க? சதைக்குள்ளே வர்ற வலி வேற. தோல் மேல உரசறதைச் சொல்ற நரம்பு வேற.

வீட்டுக்கு வந்து குளிச்சுட்டு ஹாலில் நடந்துட்டு இருந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாங்க. தரையைப் பார்த்தாங்க. "என்னங்க, மீனை இங்கேயா வெட்டினீங்க?"

வெள்ளை டைல்ஸில் பாத்ரூமிலிருந்து சோஃபா வரைக்கும் சிவப்புப் புள்ளி. நாலைந்து அடிக்கு ஒண்ணு. மீனைப் பையை விட்டே எடுக்கலை.

வலது குதிகாலுக்குப் பின்னாடி, குதிநரம்பு வந்து சேர்ற இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிஞ்சு போயிருந்தது. கொப்புளம் வந்து, உடைஞ்சு, அதுக்கும் கீழே தேய்ஞ்சிருக்கு. ஃபின்ஸைக் கவுத்துப் பார்த்தேன். குதிகால் பக்கம் ஒரு கைப்பிடி மண். நான் மாட்டின இடம் கரைச் சேறு. அந்த மணல் 3 மணி நேரம் உப்புத்தாள் மாதிரி தேய்ச்சிருக்கு. ஒவ்வொரு உதைக்கும் ஒரு தேய்ப்பு.

எனக்கு ஒண்ணுமே தெரியலை.

மறுநாள் காலையில் கிளினிக்கைச் சீக்கிரம் திறந்து, கதவைச் சாத்திக்கிட்டு, நானே எனக்குப் பரிசோதனை பண்ணலாம்னு உட்கார்ந்தேன். அப்புறம் யோசிச்சு, கூட வேலை பார்க்கிற ஜூனியர் டாக்டரைக் கூப்பிட்டேன். நாமே குத்தினால் எப்போ குத்துறோம்னு நமக்குத் தெரியும், அது பரிசோதனை இல்லை. "கண்ணை மூடிக்கோங்க சார்"னு அந்தப் பொண்ணு சொன்னப்போ, இதே வார்த்தையை எத்தனை ஆயிரம் பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு தோணுச்சு.

அந்தப் பரிசோதனைக் கருவி என்ன தெரியுமா? ஒரு துண்டு நைலான் நரம்பு. கிட்டத்தட்ட நாம தூண்டிலுக்குக் கட்டுற தங்கூஸ் நரம்புதான். ஒரு கைப்பிடியில் பொருத்தியிருக்கும். பாதத்தில் வெச்சு அழுத்தினால் சரியா 10 கிராம் அழுத்தத்தில் வளையும். வளையும்போது உங்களுக்கு அது தெரியணும். தெரியலைன்னா உங்க பாதத்தோட காவல்காரன் தூங்கிட்டான்னு அர்த்தம். 1960-ல் செம்ஸ், வெய்ன்ஸ்டீன்னு ரெண்டு பேர் இந்த நைலான் நரம்பு முறையைக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி மயிரிழையை வெச்சுப் பார்த்துட்டு இருந்தாங்க.

வலது பாதத்தில் 10 இடம் பார்த்ததில் 4 இடத்தில் எனக்குத் தெரியலை. இடதில் 3. "தெரிஞ்சா சொல்லுங்க சார்"னு அந்தப் பொண்ணு சொல்லுது. நான் காத்துட்டே இருக்கேன். கண்ணைத் திறந்து பார்த்தால் நரம்பு ஏற்கெனவே வளைஞ்சு நிக்குது.

ரத்தம் எடுத்தோம். ஹெச்பிஏ1சி 8.4. கூடவே பி12 பார்த்தோம், ரொம்பக் குறைவு. வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்களுக்கு பி12 குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும். எல்லாப் பழியையும் சர்க்கரை மேல போடறதுக்கு முன்னாடி பி12 பாருங்கன்னு மத்தவங்களுக்குச் சொல்ற ஆள் நான். எனக்கு 11 வருஷத்தில் ஒரு தடவை கூடப் பார்த்துக்கலை.

இங்கே ஒருத்தரைப் பற்றிச் சொல்லணும். டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளுக்கு விரல் எல்லாம் நோயாலேயே அழுகி விழுதுன்னு உலகமே நம்பிட்டு இருந்த காலம். அவர் கூர்ந்து கவனிச்சு, நோய் நேரா விரலைத் தின்கலை, நோய் வலியைத் தின்னுடுது, வலி இல்லாததால அந்த மனுஷன் தன் காலைத் தானே தேய்ச்சு அழிச்சுக்கிறான்னு சொன்னார். இன்னிக்கு நாம சுகர்காரங்களுக்கு எழுதிக் கொடுக்கிற எம்சிஆர் செருப்பு, அதாவது நுண்ணறை ரப்பர் செருப்பு, தொழுநோயாளிகளோட காலுக்காக நம்ம நாட்டில் உருவானதுதான். வேலூர் பக்கத்து கரிகிரியில் நடந்த கால் ஆராய்ச்சி இன்னிக்கு உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளோட காலைக் காப்பாத்துது. மெடிக்கல் காலேஜில் இதைப் படிச்சேன், பாஸ் ஆனேன்.

7 வாரம் ஆச்சு ஆறுறதுக்கு. குதிகாலில் எதுவும் படக்கூடாது, பின்பக்கம் திறந்த செருப்பு மட்டும், தினம் டிரெஸ்ஸிங், தண்ணி பக்கமே போகக்கூடாது. நோயாளிங்க எல்லாம் "என்ன சார் கட்டு?"ன்னு கேட்டாங்க. முதல் வாரம் "கல் தடுக்கிடுச்சு"ன்னு பொய் சொன்னேன். ரெண்டாவது வாரத்திலிருந்து உண்மையைச் சொன்னேன். அந்த மாசம் என் கிளினிக்கில் காலைக் காட்டத் தயங்கினவங்க ஒருத்தரும் இல்லை.

நாலாவது வாரம் டியூப் அண்ணன் வந்தார், தங்கச்சி பொண்ணைக் கூட்டிக்கிட்டு. அவளுக்குக் காய்ச்சல். பார்த்து முடிச்சதும் என் கட்டைப் பார்த்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அவரே ரப்பர் செருப்பைக் கழட்டி வலது காலை முன்னாடி நீட்டினார். சுண்டுவிரல் இல்லை.

கெளுத்தி முள். கடலில் இல்லை, கழியில். வலையிலிருந்து உதறும்போது கீழே விழுந்த மீனை மிதிச்சிருக்கார். முள் உள்ளே ஒடிஞ்சு நின்னுடுச்சு. அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் தெரியலை. நாலாம் நாள் வாடை வந்தப்போதான் வீட்டில் கண்டுபிடிச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துத்தான் காலைக் காப்பாத்தினாங்களாம்.

"அதுக்கப்பறம்தான் டாக்டரே செருப்பைக் கைக்கு மாத்தினேன். மின்ன நானும் காலாலதான் ஒதைப்பேன்"னார். "இப்ப காலைத் தூக்கி டியூப் மேல வெச்சிக்குவேன். ராத்திரி படுக்க சொல்ல டார்ச் அடிச்சுப் பாப்பேன். கால் கீதா, வெரல் ஒம்போது கீதான்னு எண்ணிட்டுத்தான் படுப்பேன்."

அப்புறம் கேட்டார்: "நான் படிக்காதவன். நீ டாக்டர். உனக்கே தெர்லியா?"

பதில் சொல்லலை. தங்கச்சி பொண்ணுக்கு பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தேன்.

இனி, கேட்டவருக்கும் மத்தவங்களுக்கும் விஷயத்தைச் சொல்லிடறேன். 7 வாரம் சும்மா உட்கார்ந்து படிச்சதும், அப்புறம் ஒண்ணரை வருஷம் பட்டதும்.

முதல்ல பூட்ஸ், அப்புறம்தான் ஃபின்ஸ். இந்த வரிசை மாறவே கூடாது. நியோபிரீன் பூட்ஸ்னு கேளுங்க, டைவிங் சாமான் விக்கிறவங்ககிட்ட கிடைக்கும். குளிர் நாடுகளில் சூட்டுக்காகப் போடுறாங்க. நம்ம தண்ணி வெதுவெதுப்பா இருக்கிறதால நமக்கு அது கவசம், மெத்தை, அவ்வளவுதான். 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். ஆனா அடிப்பாகம் கெட்டி ரப்பரா இருக்கணும். முட்டுக்காடு மாதிரி கழிகளில் சிப்பி ஓடு பிளேடு மாதிரி நிக்கும், சேற்றுக்குள்ளே கண்ணுக்கே தெரியாது. வாங்கும்போது உள்ளே கையை விட்டு முழுக்கத் தடவிப் பாருங்க. தையல் எங்கே ஓடுது? சுண்டுவிரல் மேலயோ குதிகால் மேலயோ தடித்த தையல் ஓடினால் வேண்டாம், வெச்சுடுங்க. ஜிப் வெச்சது மாட்ட சுலபம், ஆனா ஜிப்புக்குப் பின்னாடி ஒரு மடிப்புத் துணி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஜிப்பே அறுக்கும்.

உள்ளே சாக்ஸ் அவசியம். பருத்தி வேண்டாம். நனைஞ்சு சுருங்கி மடிப்பு விழும், ஒவ்வொரு மடிப்பும் ஒரு கொப்புளம். மெல்லிய செயற்கை இழை சாக்ஸ், தையல் இல்லாதது, வெள்ளை நிறம். வெள்ளை எதுக்குன்னு என் வீட்டு டைல்ஸைக் கேளுங்க.

கம்பூட் போடலாமான்னு நிறைய பேர் கேட்கிறாங்க. மிதவை டியூபில் கம்பூட் வேண்டவே வேண்டாம். உள்ளே தண்ணி ஏறினால் கவிழ்ந்த நேரத்தில் காலைத் தூக்கவே முடியாது. முதலை வாய் மாதிரி இருக்குமே, அந்த ஓட்டை போட்ட ரப்பர் ஷூ? சேறு அதை அப்படியே வாங்கிக்கும். என் நண்பர் ஒருத்தரோடது ஒத்தைக் கால் இன்னும் முட்டுக்காட்டில்தான் இருக்கு.

அப்புறம் ஃபின்ஸ். குதிகால் திறந்த வகை மட்டும். பூட்ஸைக் கையோட கொண்டுபோய், சாயங்காலம், நின்னுக்கிட்டு, ரெண்டு காலிலும் மாட்டிப் பாருங்க. பெரிய காலுக்குத்தான் சைஸ். பாதம் நுழையற பை அகலமா இருக்கணும். பக்கவாட்டில் பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் நசுக்கக்கூடாது. வாருக்கும் பூட்ஸுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையணும். உங்களுக்கு உணர்ச்சி குறைவுன்னா உங்க காலை நம்பாதீங்க, உங்க விரலை நம்புங்க. இன்னும் நல்லது, கூட வர்றவங்க விரலை.

நீளமான டைவிங் ஃபின்ஸ் அழகா இருக்கும். ஆனா டியூபில் நாம படுத்து நீந்தலை, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கோம். அசைவு முழங்காலுக்குக் கீழேதான். நீள ஃபின்ஸ் நெம்புகோல் மாதிரி முழங்காலையும் கெண்டைச் சதையையும் வாங்கிடும். குட்டையா, அகலமா, ரொம்ப விறைப்பில்லாம இருக்கிறது நல்லது. 50 வயசுக்கு மேல முழங்கால் தேய்மானம் இருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். மிதக்கிற ஃபின்ஸா பாருங்க. கழண்டால் மூழ்கிடுற வகைன்னா கணுக்காலில் ஒரு கயிறு கட்டுங்க, ஆனா இறுக்கிக் கட்டாதீங்க. ஒரு ஃபின் போயிட்டால் இருக்கிற இடத்திலேயே வட்டம் அடிப்பீங்க. அண்ணன் ஒரு தடவை என்னை அப்படிப் பார்த்துட்டு, சிரிச்சு முடிச்சதுக்கு அப்புறம்தான் இழுத்துட்டு வந்தார்.

மாட்டறதுக்கு முன்னாடி பூட்ஸையும் ஃபின்ஸையும் கவுத்துத் தட்டி, தண்ணியில் அலசி, மணல் போச்சான்னு கையால பார்த்துட்டு மாட்டுங்க. ஃபின்ஸோட நடக்கணும்னா பின்னாடி நடங்க. காலைத் தூக்கி வைக்காதீங்க, தரையோட தேய்ச்சு நகர்த்துங்க. திருக்கை மணலுக்குள்ளே புதைஞ்சு கிடக்கும். மிதிச்சால்தான் அடிக்கும், உரசிட்டு வர்றது தெரிஞ்சால் தானே விலகிடும்.

புதுசா வாங்கினதுக்கு முதல் நாள் 20 நிமிஷம்தான் கணக்கு. கரைக்கு வந்து எல்லாத்தையும் கழட்டி காலைப் பாருங்க. சிவப்பு இருந்தால் அரை மணி நேரம் காத்திருங்க. மறையலைன்னா அந்த இடத்தில் அழுத்தம் அதிகம், அந்த ஜோடி உங்களுக்கு இல்லை. எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி.

திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்திட்டால் பொறுக்கிற அளவு சுடுதண்ணியில் காலை வைக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். விஷம் சூட்டில் செயலிழக்கும், வலி குறையும். 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது, அரை மணியிலிருந்து ஒண்ணரை மணி நேரம். ஆனா சுகர்காரங்க கவனிங்க. "பொறுக்கிற சூடு" எதுன்னு உங்க காலுக்குத் தெரியாது. வெந்த பாதத்தோட வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். இன்னொருத்தர் முழங்கையை விட்டுப் பார்த்துட்டுச் சொல்லட்டும். அதுக்கப்புறம் நேரா டாக்டர்கிட்ட போகணும். முள் உள்ளே இருக்கான்னு எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கலாம், டெட்டனஸ் ஊசி கணக்கும் பார்க்கணும்.

உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணியில் விப்ரியோன்னு ஒரு பாக்டீரியா வகை இருக்கு. அதில் ஒண்ணு, கல்லீரல் நோய் இருக்கிறவங்களையும் சர்க்கரைக்காரங்களையும் மோசமாத் தாக்கும். காயம் பட்ட காலில் ஒரே நாளில் சிவந்து வீங்கி, ரத்தம் கோத்த கொப்புளம் வந்தால் காலையில் பார்க்கலாம்னு இருக்காதீங்க. அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போங்க, "கழித்தண்ணியில் இறங்கினேன்"னு மறக்காமச் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையால மருந்து மாறும். காலில் ஆறாத புண் இருந்தால் இறங்கவே கூடாது, பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுக்கூட.

யார் இந்த வேலைக்கே போகக்கூடாதுன்னும் சொல்லணும். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிச்சு நிக்க வேண்டி வருதுன்னா, காலுக்கு ரத்த ஓட்டம் குறைவா இருக்கலாம். முதல்ல அதைப் பாருங்க. ஏற்கெனவே பாதத்தில் புண் வந்து ஆறினவங்க, விரல் எடுத்தவங்க, காலால உதைக்கிற ஆசையை விட்டுடுங்க. லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் கட்டாயம். டியூப் மிதக்குதேன்னு நினைக்காதீங்க. டியூப் மிதக்கும், நீங்க மிதப்பீங்கன்னு அது உத்தரவாதம் கொடுக்கலை.

இவ்வளவு எழுதிட்டு, நான் இன்னும் போறேனான்னு கேட்பீங்க.

போறேன். என் கணக்குப்படி நான் உதைக்கக் கூடாத ஆள்தான். ஆறின புண் இருக்கு. முதல் ஆறு மாசம் போகலை. சர்க்கரை 7-க்குக் கீழே வந்தது, பி12 ஊசி போட்டேன், நைலான் நரம்புப் பரிசோதனை மட்டும் மாறவே இல்லை. அந்த 4 இடம் அப்படியேதான் இருக்கு. திருவான்மியூரில் ஒரு செருப்புத் தைக்கிறவர்கிட்ட எம்சிஆர் ரப்பரை மெல்லிசா வெட்டி பூட்ஸுக்குள்ளே ஒட்டி வாங்கினேன். குதிகாலுக்குப் பின்னாடி ஒரு பட்டை அதிகமா வெச்சுக் கொடுத்தார், நான் கேட்காமலே. ஃபின்ஸ் அலமாரியில் தூங்குது. பூட்ஸ் மட்டும் போட்டுக்கிறேன், அதுவும் இறங்கவும் ஏறவும்தான். டியூபில் காலைத் தூக்கி மேல வெச்சுக்கிறேன்.

கையில்? ஹவாய் செருப்பு. நீல வார். அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார், வாரை உள்ளங்கைப் பக்கம் எப்படித் திருப்பணும், மணிக்கட்டை எப்படி வளைக்காம இருக்கணும்னு. மச்சினனுக்கு போட்டோ அனுப்பினேன். "அத்தான், நான் கொண்டு வந்த டியூபோட மானமே போச்சு"ன்னான்.

அண்ணனுக்கு இப்போ வேற கவலை. லாரியெல்லாம் டியூப் இல்லாத டயருக்கு மாறிக்கிட்டே வருதாம், நல்ல பழைய டியூப் கிடைக்கிறது கஷ்டமா இருக்காம். என்னோடதை அவருக்குக் கொடுத்துடறேன்னேன். ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தார். "சோபா கணக்கா கீது டாக்டரே, தூக்கம் வருது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

வத்தம் ஆரம்பிச்சு தண்ணி முகத்துவாரம் பக்கம் இழுக்கத் தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கரைக்கு வந்துடுவோம். பாலத்து நிழலில் உட்கார்ந்து, நான் பூட்ஸைக் கழட்டுவேன். அவர் டார்ச்சை எடுப்பார், பகலிலும் அவருக்கு டார்ச் வேணும். முதல்ல அவர் காலை நான் பார்ப்பேன், குதிகால், விரல் இடுக்கு, அடிப்பாகம். அப்புறம் என் காலை அவர் பார்ப்பார். போன ஞாயித்துக்கிழமை என் இடது பெருவிரல் இடுக்கில் ஒரு சின்னக் கீறல் இருந்துச்சு. எனக்குத் தெரியலை. அவர்தான் சொன்னார். அதனால இந்த ஞாயிறு நான் போகலை, வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிட்டு இருக்கேன்.